பிரசவ வார்டு வாசலில் ஐந்து ஜோடி செருப்பு

மாவட்ட அதிகாரியின் ஜீப் ஆஸ்பத்திரி கேட்டுக்குள் திரும்பியதைப் பார்த்ததும், வராந்தாவில் நின்றிருந்த நாங்கள், நர்ஸும் மிட்வைஃபும் ஆயாவுமாக ஐந்து பேரும், பிரசவ வார்டுக்குள் ஓடினோம். கட்டிலுக்குப் பக்கத்தில் உயர வரிசைப்படி நின்றோம். கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை மொடமொடத்தது. அன்று கிருத்திகை. ஜன்னலுக்கு வெளியே மலைப் படிகளிலிருந்து அரோகரா சத்தம் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது.

எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று கடைசியாக ஒரு பார்வை பார்த்தேன். தலையில் தொப்பி சரி. புடவை மடிப்பு சரி. பார்வை கீழே வந்ததும் எனக்கு நெஞ்சு ஒரு நிமிடம் நின்றுவிட்டது. பத்துக் கால்களும் வெறுங்கால்.

நாங்கள் போட்டுக்கொண்டு நிற்க வேண்டிய புதுச் செருப்புகள், நீல வார் வைத்த ஐந்து ஜோடி ஹவாய், வாசற்படிக்கு வெளியே கல்யாண வீட்டில் விட்ட மாதிரி வரிசையாகக் கிடந்தன. ஓடிப்போய் மாட்டிக்கொள்ள நேரமில்லை. அதிகாரியின் தலை வாசலில் தெரிந்துவிட்டது.

செருப்புக்காக ஒருத்திக்கு நெஞ்சு நிற்குமா என்று கேட்பீர்கள். அன்றைக்கு அந்தச் செருப்பில் ஒரு பெண்ணின் வேலை தொங்கிக்கொண்டிருந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதிகாரி அதுவரை வாசலிலேயே நிற்கட்டும்.

கேன்வாஸ் ஷூ

போன வாரம் இந்தத் தொடரில், சென்னையில் நான் நர்ஸ் பயிற்சி எடுத்த நாட்களைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகர், "உங்கள் தொடரில் வருகிற எல்லோரும் நல்லவர்களாகவே இருக்கிறார்களே, நீங்கள் யாரோடும் சண்டையே போட்டதில்லையா அம்மா?" என்று கேட்டிருக்கிறார். கடிதத்தைப் படித்துவிட்டு என் வீட்டுக்காரர் வெகு நேரம் சிரித்தார்.

போட்டிருக்கிறேன் ஐயா. சங்கம் என்ற பேரில் நான் போட்ட முதல் சண்டை செருப்புக்காக.

எங்கள் குடும்பம் ஆர்.கே.பேட்டைப் பக்கம். நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற வீடு. நர்ஸ் வேலைக்குப் போகிறேன் என்றதும் என் பெரியம்மா, கல்யாணமாகாத பெண் வெள்ளைப் புடவை கட்டுவதா என்று ஒரு வாரம் சாப்பிடாமல் கிடந்தார். நான் இல்லாத நேரமாகப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டார் என்பது பிறகு தெரிந்தது.

சென்னையில் எங்களுக்கு முதல் பாடமே கால்தான். வெள்ளைக் கேன்வாஸ் ஷூ இல்லாமல் வார்டுக்குள் நுழைந்தால் தலைமை நர்ஸான மேட்ரன் திருப்பி அனுப்பிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஹாஸ்டல் மொட்டை மாடியில் உட்கார்ந்து எல்லோரும் ஷூவுக்கு வெள்ளை பூசுவோம். அந்த ஈர வெள்ளையின் வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. மழை வந்துவிட்டால் பால் கொட்டிய மாதிரி மாடியெல்லாம் ஓடும்.

திருத்தணி ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது எழுபதுகளின் ஆரம்பத்தில். முதல் நாள் அந்த ஷூவோடு பிரசவ வார்டு வாசலுக்குப் போனேன். ஆயா முனியம்மா துடைப்பத்தைக் குறுக்கே நீட்டினாள்.

"இன்னாம்மா, சாமி இருக்குது. பூட்சோட போறே?"

உள்ளே சுவரில் மயில் மேல் உட்கார்ந்த முருகன் படம். எங்கள் பெரிய டாக்டர் மாட்டியது. கைராசிக்காரர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. சிக்கலான பிரசவம் என்றால் அந்தப் படத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் கை கழுவப் போவார். வருகிற பெண்களும் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்து முருகா என்று கத்துவார்கள், அது போதாதென்று படத்தையும் பார்ப்பார்கள்.

செருப்பைக் கழற்ற வேண்டும் என்று யாரும் உத்தரவு போடவில்லை. மலையேறுவதற்கு முன் செருப்பை அடிவாரத்தில் விடுகிற ஊர். பிள்ளை பிறக்கிற அறை வாசலிலும் விட்டார்கள். சொந்தக்காரர்கள் விட்டார்கள், ஆயா விட்டாள், டாக்டரும் விட்டார்.

நான் மூன்று நாள் வைராக்கியமாக ஷூவோடு நடமாடினேன். நாலாம் நாள் ஒரு மாமியார் என் காலையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "காலையிலேர்ந்து எங்க பொண்ணுக்கு ஏன் புள்ள எறங்கலன்னு பாத்தேன். இப்பதான தெரியுது" என்றார். அன்று கழற்றியவள்தான். ஊரோடு ஒத்து வாழ் என்று ஷூவை ட்ரங்குப் பெட்டியில் போட்டுவிட்டேன்.

காலால் பார்ப்பது

பிள்ளை பிறந்ததும் தாய்க்கு ரத்தப்போக்கு நிற்க ஓர் ஊசி போடுவோம். மருந்து விரல் நீளக் கண்ணாடிக் குப்பியில் வரும். ஆம்பூல் என்போம். அதன் கழுத்தைச் சின்ன அரத்தால் கீறிவிட்டு விரலால் ஒடிக்க வேண்டும். நிதானமாக ஒடித்து, ஒடிந்த கழுத்தைத் தட்டில் போட வேண்டும் என்பது பாடம். ரத்தம் குபுகுபுவென்று போகும்போது நிதானத்துக்கு எங்கே போவது? டிக்கென்று ஒடியும், கழுத்து எங்கோ பறக்கும். தரை முழுக்கத் தண்ணீர். தண்ணீருக்குள் கண்ணாடி கிடந்தால் யார் கண்ணுக்கும் தெரியாது.

அதனால் நாங்கள் காலைத் தூக்கி நடக்க மாட்டோம். சேற்று வயலில் நடப்பது போல் பாதத்தைத் தரையோடு தள்ளிக்கொண்டே போவோம். துண்டு காலில் தட்டுப்பட்டால் ஏறுவதற்குள் நின்றுவிடலாம் அல்லவா, அதற்காக. வந்த புதிதில் முனியம்மா, "சர்ரு சர்ருனு போம்மா" என்றாள். போனேன். பிறகு வீட்டிலும் அப்படியே நடந்து, "சிமெண்டுத் தரை தேய்ந்துவிடப் போகிறது" என்று வீட்டுக்காரரிடம் பேச்சு வாங்கினேன்.

எத்தனை சாமர்த்தியம் பாருங்கள். குத்தாமல் இருக்க வழி தேட வேண்டியவர்கள், பாதி குத்துவதற்குள் நிற்கப் பழகிக்கொண்டோம். அதில் பெருமை வேறு. ஐந்து பேர் உள்ளங்காலிலும் தழும்பு உண்டு. மத்தியானம் சோற்று மூட்டையைப் பிரித்துக்கொண்டே யாருக்கு அதிகம் என்று போட்டி போடுவோம். இப்போது நினைத்தால் எங்கள் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

நாகரத்தினம்

ஐந்து பேரில் சின்னவள் நாகரத்தினம். மிட்வைஃப். அம்மையார்குப்பத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண். வீட்டில் தெலுங்கு, வார்டில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். அப்பாவை நைனா என்பாள். மாமன் மகனையே கட்டிக்கொண்டதால் புருஷனுக்கு பாவா என்று பேர். திருத்தணியில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். பாவா சனிக்கிழமைதோறும் பஸ்ஸில் ஒரு முறுக்குப் பொட்டலத்தோடு வருவார். அதில் பாதி வார்டுக்கு என்பது நாங்களாகவே செய்துகொண்ட ஏற்பாடு.

அவளுக்குக் கை நல்ல கை. பயந்து கத்துகிற பெண்ணிடம், "கத்து, நல்லா கத்து, எனக்கொண்ணும் காது வலிக்காது" என்பாள். உடனே அவர்களுக்குக் கத்தத் தோன்றாது.

தறியில் உட்காராமல் வெளி வேலைக்கு வந்த முதல் பெண் அவள். அதற்காக நைனா ஒரு வருஷம் அவளோடு பேசவில்லை. சேர்ந்து இரண்டு வருஷம் தகுதிகாண் பருவம். அது முடிந்து 'திருப்தி' என்று ஒரு தாள் வந்தால் வேலை நிரந்தரம். வராவிட்டால் வீடு.

"திரும்பிப் போனா நைனா திட்டுவாரா?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"ஒண்ணுமே சொல்ல மாட்டாருக்கா. தறிய காட்டுவாரு. அதான் பயம்."

அந்தத் தாள் வர இரண்டு மூன்று மாதம் இருந்தபோது நடந்தது இது. முற்பகல் நேரம். ஒரு பெண்ணுக்குப் பிள்ளை தலை திரும்பி, வழுக்கிக்கொண்டு வந்தது. நாகரத்தினம் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு ஓரடி பின்னால் வைத்தாள். ஈரப் பிள்ளையைக் கையில் வைத்திருப்பவள் காலைத் தேய்த்துக்கொண்டிருக்க முடியாது. அவள் முகம் சட்டென்று மாறியதைப் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. தொப்புள் கொடியைக் கட்டினாள், வெட்டினாள், பிள்ளை வீறிடும் வரை முதுகைத் தேய்த்தாள், தாயின் மார்பில் போட்டாள். அதற்கப்புறம்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு,

"அக்கா, குதிகால்ல என்னமோ ஏறிக்கினு இருக்குது, கொஞ்சம் பாருங்க" என்றாள்.

முந்தின பிரசவத்தில் பறந்த ஆம்பூல் கழுத்து. முழுசாக உள்ளே போயிருந்தது. டாக்டரே எடுத்தார். இருந்தும் சீழ் வைத்துவிட்டது. மூன்று வாரம் எழுந்திருக்கவில்லை. டாக்டர் தினமும் அவள் அறைக்கே போய்க் கட்டு மாற்றினார். அதையும் சொல்லிவிட வேண்டும்.

நாலு வரி மெமோ

நொண்டிக்கொண்டு வேலைக்குத் திரும்பிய அன்று அவளுக்காக ஒரு கவர் காத்திருந்தது. பணி நேரத்தில் கவனக்குறைவாக நடந்து, தனக்குத் தானே காயம் ஏற்படுத்திக்கொண்டு, மூன்று வாரம் பணிக்கு இடையூறு செய்ததற்காக ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று கேட்டு நாலு வரி. எழுதியவர் ஹெட் கிளார்க். கையெழுத்து டாக்டருடையது. டாக்டர் நோயாளியின் நாக்கைப் படிப்பார், கண்ணைப் படிப்பார். கையெழுத்துக்கு வருகிற தாளை மட்டும் படிக்க மாட்டார்.

ஹெட் கிளார்க்கிடம் போய் நின்றேன்.

"லீவுன்னா காரணம் வேணும் சிஸ்டர். காயம்னா யாரால காயம்னு எழுதணும். கண்ணாடிக்கு மெமோ குடுக்க முடியுமா?"

"குடுத்துப் பாருங்க. ஒருவேளை பதில் சொல்லும்" என்றேன். என் வாய் அந்தக் காலத்திலேயே இப்படித்தான்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. குரலைத் தாழ்த்தி, "இது ஃபைல்ல இருக்கிற வரைக்கும் அந்தப் பொண்ணுக்குத் தகுதிகாண் முடியாது. வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. மன்னிப்பு கேட்டு எழுதித் தரச் சொல்லுங்க" என்றார்.

எல்லோரும் அதையே சொன்னார்கள். சனிக்கிழமை வந்த பாவாவும், "மன்னிப்பு கேட்டா வாயா தேஞ்சிடும்? கேட்டுடு" என்றார். திங்கட்கிழமை அவள் எழுதியே கொண்டுவந்துவிட்டாள். வாங்கிப் படித்தேன். இனிமேல் கவனமாக நடந்துகொள்வேன் என்று முடித்திருந்தாள். அங்கேயே நாலாகக் கிழித்தேன்.

"இன்னாக்கா கிழிச்சிட்டீங்க?"

"நீ கவனமா நடக்காமதான் குத்திச்சா?"

"இல்ல."

"அப்ப ஏன் அப்பிடி எழுதறே?"

"எழுதலன்னா அனுப்பிடுவாங்கக்கா."

"எழுதினா, இவளே ஒத்துக்கினான்னு சொல்லி அனுப்புவாங்க."

அவள் அழுதாள்.  கிழித்து முடித்த பிறகே எனக்குப் பயம் வரும், அது என் ஜாதகம்.

அரக்கோணம் பாசஞ்சர்

நர்ஸ்களுக்கு மாவட்டத்தில் ஒரு சங்கம் பேருக்கு இருந்தது. வருஷத்தில் ஒரு கூட்டம், ஆளுக்கு ஒரு காராசேவுப் பொட்டலம், கடைசியில் நன்றியுரை. வார்டில் சங்கம் என்ற வார்த்தையைச் சொன்னால் நோயாளிகளே மிரளுவார்கள், நாளைக்கு ஊசி போட ஆள் வருமா என்று.

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் விழித்தபோது நாகரத்தினத்துக்கு ஒருவர் ஞாபகம் வந்தார். அரக்கோணத்தில் தண்டவாளம் மாற்றிவிடுகிற ரயில்வே பாயிண்ட்ஸ்மேன், பேர் தேவராஜ். அங்கே தொழிற்சங்கத்தில் இருப்பவர். அவர் மனைவிக்குத் தாய் வீடு திருத்தணி. பிரசவம் பார்த்தது நாகரத்தினம். வார விடுமுறையில் இருவரும் பாசஞ்சர் ரயில் ஏறினோம். பிளாட்பார பெஞ்சில் உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்துவிட்டுக் கேட்டுக்கொண்டார்.

நான் பதினாலு கோரிக்கை எழுதிக்கொண்டு போயிருந்தேன். ஓய்வெடுக்க ஓர் அறை, கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள், இரண்டு ஷிப்ட் சேர்ந்தாற்போல் போடாமல் இருப்பது, கிழியாத கையுறை, இப்படி. அவர் பொறுமையாகப் படித்து, மடித்து என் கையிலேயே கொடுத்தார்.

"எல்லாம் நியாயந்தான் சிஸ்டர். பதினாலு கேட்டீங்கன்னா, பரிசீலனையில இருக்குதுன்னு ஒரே வரியில பதினாலையும் முடிச்சிடுவாங்க. ஒண்ணு கேளுங்க. வந்து கண்ணால பாக்கிற மாதிரி ஒண்ணு."

காலை முன்னால் நீட்டிக் காட்டினார். மசி படிந்த கறுப்பு பூட்ஸ்.

"இது எங்களுக்கு சும்மா வரல. ஜல்லி மேல வேல செய்யறவன் காலுக்கு வேணும்னு கேட்டுக்கினே இருந்தோம்."

"அப்ப இவ மெமோ?"

"செருப்பு வேணும்னு அவங்க ஒத்துக்கினா, செருப்பு இல்லாம குத்தினது இவங்க தப்பு இல்லன்னு ஆயிடுதா இல்லியா? மெமோ தானா போயிடும்மா."

அன்று பெஞ்சிலேயே புதுத் தாளில் எழுதினோம். பிரசவ வார்டில் வேலை செய்யும் அனைவருக்கும் காலணி வேண்டும். அவ்வளவுதான். மற்ற பதிமூன்றும் என் கைப்பையில் தூங்கின. அவற்றில் தாழ்ப்பாள் மட்டும் அடுத்த வருஷம் கிடைத்தது.

அக்கம்பக்கத்து ஆஸ்பத்திரிகளில் இருந்த நர்ஸ், மிட்வைஃப் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினோம். ஆர்.கே.பேட்டை டவுன் பஸ் கண்டக்டர் அந்தத் தாளைத் தன் தோல்பையில் டிக்கெட்டுகளோடு மூன்று நாள் சுமந்து கையெழுத்து வாங்கி வந்தார். நடுவில் ஒரு பயணி அதை வருகைப் பதிவு என்று நினைத்துத் தன் பேரையும் எழுதிவிட்டார். அந்தப் பேரை மட்டும் அடித்துவிட்டு மாவட்ட அதிகாரிக்கு அனுப்பினோம்.

கடைசியாகப் பெரிய டாக்டரிடம் சொன்னேன்.

"சாமி படத்துக்கு முன்னால செருப்பா, சுசீலா?" என்றார் மெல்லிய குரலில்.

"அவரே மயில் மேலதான் டாக்டர் உக்காந்திருக்காரு. தரையில காலே வெக்கலயே."

அவர் சிரித்துவிட்டார். "அதிகாரி சரின்னா எனக்கு ஆட்சேபணை இல்ல" என்றார்.

மூன்று நாள் ஒத்திகை

மாவட்ட அதிகாரி நேரில் வந்து பார்த்து முடிவு செய்வார் என்று பதில் வந்தது. செருப்புப் போட்டுக்கொண்டு பிரசவம் பார்க்க முடியும் என்று அவருக்குக் காட்ட வேண்டும். பஜார் தெருவில் நாங்களே ஐந்து ஜோடி ஹவாய் வாங்கினோம். வார்டுக்குள் மூன்று நாள் ஒத்திகை.

முதல் நாள் ஒரே டப் டப் சத்தம். வலியில் படுத்திருந்த ஒருத்தி, "யாரும்மா அது, தாளம் போட்டுக்கினு?" என்று கேட்டாள். காலைத் தூக்கி நடப்பது எங்களுக்கு மறந்தே போயிருந்தது. நான் இரண்டு முறை தடுக்கி மருந்து அலமாரியைக் கட்டிப் பிடித்தேன். முதலில் தேறியது முனியம்மாதான். தேறியதும் ஜமீன்தாரிணி மாதிரி நடக்க ஆரம்பித்தாள்.

ஆனால் நாங்கள் ஒரு தப்புச் செய்தோம். ஒத்திகை முழுக்க உள்ளேயே மாட்டினோம், உள்ளேயே கழற்றிக் கூடையில் வைத்தோம். செருப்போடு வாசலைத் தாண்டி உள்ளே வந்து பார்க்கவே இல்லை. அதிகாரி வருகிற அன்று, ஜீப்பைப் பார்க்கிற அவசரத்தில் செருப்போடு வராந்தாவுக்குப் போனோம். திரும்பி ஓடி வந்தோம். வாசற்படி வந்ததும் கால்கள் தாமாகவே உதறிவிட்டு உள்ளே போயின. எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அங்கயே நில்லுங்க"

வாசலில் நிற்க வைத்த அதிகாரியை இப்போது உள்ளே விடலாம்.

ஒல்லியானவர். மூக்குக் கண்ணாடி. பேச்சு குறைவு. பின்னால் டாக்டர், அவருக்குப் பின்னால் ஃபைலோடு ஹெட் கிளார்க். அதிகாரி எங்கள் முகங்களைப் பார்த்தார், கால்களைப் பார்த்தார், திரும்பி வாசலைப் பார்த்தார்.

"அந்த நீலச் செருப்பெல்லாம் யாருது?"

"எங்களுதுங்க ஐயா."

"இங்க போட்டுக்க வாங்கினதா?"

"ஆமாங்க ஐயா."

"வாங்கி வெளிய வெச்சிருக்கீங்க." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "செருப்பு இருக்கு, போட்டுக்கல. இப்ப கால்ல குத்தினா அது யார் தப்பு? மெமோவுல எழுதியிருக்கறது சரிதானே?"

வாயாடி என்று பேர் வாங்கியவள் நான். அன்று நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் நாகரத்தினம் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. அவள் பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் இல்லை. நான் கிழித்த மன்னிப்புக் கடிதம் கண் முன்னால் வந்தது. அதைக் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாளோ, என் வாய்க்கொழுப்பு ஒரு பெண்ணின் வேலையைத் தின்றுவிட்டதோ என்று நினைத்தேன்.

அதிகாரி, ஃபைலை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க, கட்டிலைச் சுற்றிக்கொண்டு ஜன்னல் பக்கம் நகர்ந்தார்.

"ஐயா, அங்கயே நில்லுங்க."

சொன்னது நாகரத்தினம். அதிகாரி யாராவது வந்தால் அலமாரிக்குப் பின்னால் ஒளிகிறவள். அதிகாரி தூக்கிய காலைத் தூக்கியபடியே கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இப்பதான் ஒரு பிரசவம் முடிஞ்சி பக்கத்து ரூமுக்கு மாத்தினோங்க. ஒடைச்ச ஆம்பூல் கழுத்து இன்னும் கெடைக்கல. தேடிக்கினு இருக்கிறப்பதான் நீங்க வர்ற நேரம் ஆயிடுச்சி. உங்க கால்ல சாக்ஸ்தான இருக்குது."

எல்லோரும் பார்த்தோம். கறுப்பு சாக்ஸ், ஒன்றில் கட்டை விரல் எட்டிப் பார்த்தது. டாக்டர் வெறுங்கால். ஹெட் கிளார்க் வெறுங்கால். வாசலில் எங்கள் நீலச் செருப்புக்குப் பக்கத்தில் பளபளவென்று ஒரு ஜோடி ஷூவும், இரண்டு ஜோடி தோல் செருப்பும் சேர்ந்திருந்தன.

"யாருனா கழட்டச் சொன்னாங்களா ஐயா?" என்றாள். அவள் குரலில் குத்தல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

அதிகாரி யோசித்தார். "யாரும் சொல்லல. வாசல்ல வரிசையா இருந்திச்சி. நானும் விட்டுட்டேன்."

"நாங்களும் அப்பிடித்தாங்க. கால் அதுபாட்டுக்குக் கழட்டிடுது."

அவள் பாதத்தைத் தரையோடு தள்ளிக்கொண்டே வாசலுக்குப் போனாள். தன் செருப்பை எடுத்து வந்து அவர் முன்னால் போட்டாள். "இத மாட்டிக்கினு வாங்க ஐயா."

சாக்ஸோடு ஹவாய் ஏறாது. அதிகாரி ஒற்றைக் காலில் தத்தித் தத்தி இரண்டு சாக்ஸையும் கழற்றிப் பாக்கெட்டில் வைத்தார். அவள் செருப்பு சின்னது, அவர் குதிகால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருப்பதற்கு நான் பட்ட பாடு அந்தப் படத்தில் இருந்த முருகனுக்குத்தான் தெரியும். முனியம்மா குனிந்து ஈரத் துணியால் தரையை ஒற்றிக்கொண்டே வந்தாள். அதிகாரி கால் வைக்க இருந்த இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி அது அகப்பட்டது. உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

அவர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஹெட் கிளார்க்கிடம், "இந்தம்மா கூப்பிடாம இருந்திருந்தா எனக்கும் ஒரு மெமோ எழுதியிருப்பீங்களா?" என்று கேட்டார்.

"விதிப்படி பார்த்தா..." என்று ஆரம்பித்த ஹெட் கிளார்க் நல்லவேளையாக அதோடு நிறுத்திக்கொண்டார்.

டாக்டர் ஃபைலை வாங்கி மெமோவைப் படித்தார். அப்போதுதான் முதல்முறையாகப் படிக்கிறார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. "நானா இதுல கையெழுத்துப் போட்டேன்?" என்றார். பிறகு நாகரத்தினத்தைப் பார்த்து, "தப்பு என்னுதும்மா" என்றார். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார்.  ஒரு பெரிய டாக்டர் ஒரு மிட்வைஃபிடம் அப்படிச் சொல்லி அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை.

ஏற்பாட்டை அதிகாரியே சொன்னார். தெருச் செருப்பு வாசலுக்கு வெளியே இருக்கட்டும். உள்ளே காலடி வைக்கிற இடத்திலேயே வார்டுச் செருப்பு இருக்க வேண்டும். அது வார்டை விட்டு வெளியே போகக் கூடாது. கழற்றுகிற பழக்கத்தை விட வேண்டியதில்லை, கழற்றிய கையோடு மாட்டிக்கொண்டால் போதும். டாக்டருக்கும் திருப்தி. தெரு மண் படாத செருப்பு சாமிக்கு ஆகாதா என்ன.

மத்தியானத் தபால்

வாயால் சொன்னது சரி, தாள் வர வேண்டுமே. வார்டுச் செருப்பு ஒரு மாதத்தில் வந்துவிட்டது. மெமோவைப் பற்றிய பதில் வரவில்லை. தகுதிகாண் முடிகிற தேதி நெருங்கிக்கொண்டே இருந்தது. நாகரத்தினம் முறுக்கைத் தொடவில்லை. பாவா கொண்டுவந்த பொட்டலம் முழுசும் எங்களுக்கே வந்தது. எங்களுக்கும் இறங்கவில்லை.

ஒரு நாள் மத்தியானத் தபாலில் அவள் பேருக்கு நீளமாக ஒரு கவர் வந்தது. எடுத்துக்கொண்டு பிரசவ வார்டுக்குப் போனேன். அவள் கையுறையோடு ஒரு பெண்ணுக்குப் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தாள். கிராமத்து விவசாயி வீட்டுப் பெண், மூன்றாவது பிள்ளை.

"பிரிங்கக்கா."

"இது முடியட்டும். அப்புறம் நீயே படி."

"இப்பவே படிங்க. கைதான இங்க இருக்குது, காது சும்மாதான இருக்குது."

பிரித்தேன்.  மெமோ திரும்பப் பெறப்படுகிறது என்று முதல் பத்தி. தகுதிகாண் பருவத்தைத் திருப்திகரமாக முடித்தார் என்று இரண்டாவது பத்தி. திருப்திகரமாக என்ற வார்த்தையைப் படிக்கும்போது என் குரல் உடைந்துவிட்டது. அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. கையுறைக் கையால் துடைத்துக்கொள்ள முடியாமல் முகத்தை என் பக்கம் நீட்டினாள். என் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டேன். அதே தலைப்பில் என் கண்ணையும் துடைத்துக்கொண்டேன்.

கட்டிலில் இருந்தவள் தலையைத் தூக்கி எங்கள் இருவரையும் பார்த்தாள்.

"இன்னாம்மா, எதுனா கெட்ட சேதியா? ரெண்டு பேரும் அழுவறீங்க."

"இல்லம்மா. எனக்கு வேல நெலைச்சிடுச்சி."

"அப்பிடியா, நல்லா இரு தாயி" என்றவள் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டில் கம்பியைப் பிடித்தாள். "அப்ப அந்த வேலைய கொஞ்சம் பாரும்மா. தல வந்துடுச்சி."

குனிந்து பார்த்தோம். வந்துதான் விட்டிருந்தது.